மிஷின் பாயின் அரைக்கிலோ கல்

எதைக் கொடுத்தாலும் அதைத் திறந்து பார்க்காமல் வாங்கிக்கொள்ள அவருக்குத் தெரியாது. தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தால் மூடியைத் திருகி உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். தன் வண்டியைத் தானே கடை வாசலில் நிறுத்திவிட்டு, எதிரில் ஒரு டீ குடித்துவிட்டு வந்து ஏறினாலும், பிரேக்கை இரண்டு முறை அழுத்திப் பார்ப்பார். வில்லியனூர் ரயில்வே கேட் பக்கம் தையல் மிஷின் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். சுற்றுவட்டாரத்தில் உள்ள தையல் யூனிட்டுகளுக்கெல்லாம் அவர்தான் மெக்கானிக். ஊருக்கு அவர் மிஷின் பாய். பெயர் எனக்குத் தெரியும். ஆனால் அச்சில் தன் பெயர் வந்தால் அதையும் எழுத்தெழுத்தாகச் சரிபார்க்கக் கிளம்பிவிடுவார் என்பதால் விட்டுவிடுகிறேன்.

அவரை நான் முதலில் பார்த்தது பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில். அங்கே பிறப்பு இறப்புப் பிரிவில் எனக்கு எழுத்தர் வேலை. பாகூரில் பிறந்த தன் மனைவிக்காகப் பிறப்புச் சான்றிதழ் வாங்க வந்திருந்தார். தட்டச்சு செய்து, கையெழுத்து வாங்கி, முத்திரை குத்திக் கொடுத்தேன். வாங்கி நகர்ந்துபோவதுதான் வழக்கம். இவர் கவுன்ட்டரிலேயே நின்று, சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, மேலிருந்து கீழ்வரை படித்தார். பின்னால் வரிசை முனகியது.

"யோவ் பாய், பரீட்சைக்கா படிக்கிற? நவுருய்யா" என்றார் ஒருவர்.

அவர் நகரவில்லை. படித்து முடித்ததும் காகிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"நீங்களும் ஒரு தபா படிச்சிடுங்கம்மா."

"நான்தானே டைப் பண்ணேன்?"

"அது அப்போ. இப்போ என் கைக்குப் போயிட்டு வந்திருக்கில்ல."

தப்பு ஒன்றும் இல்லை. அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. சில மனிதர்களுக்குப் பிறரைச் சந்தேகப்படுவதே பிழைப்பு என்று பக்கத்து மேசைக்காரியிடம் சொன்னேன்.

இரண்டு வருடம் கழித்து, நானே அவர் கடையைத் தேடிப் போனேன்.

என் மகள் கயலுக்கு அப்போது பதினாறு வயது. பள்ளியில் என்.சி.சி.யில் சேர்ந்து, அங்கிருந்து துப்பாக்கி சுடும் போட்டிக்குப் போய்விட்டாள். பத்து மீட்டர் தூரத்தில் உள்ள அட்டையைக் காற்றுத் துப்பாக்கியால் சுடுகிற விளையாட்டு. லைசென்ஸ் வேண்டாத துப்பாக்கி. ஆனால் அதிலிருந்து வருகிற சின்ன ஈயக் குண்டு ஒரு கண்ணைப் போக்கப் போதும். புதிது வாங்க எங்களால் முடியாது. மேல்படிப்புக்குப் போய்விட்ட ஒரு பையன் விற்றதை, ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் என் கணவர் பேசி முடித்து வாங்கிக் கொடுத்தார். பார்ப்பதற்கு ஏதோ ஆஸ்பத்திரிக் கருவி மாதிரி இருக்கும். மரக் கைப்பிடி, நீளமான குழல், ஓரத்தில் நுண்ணிய ஸ்க்ரூக்கள்.

அபிஷேகப்பாக்கத்தில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில், சாக்கு திணித்த மரப்பெட்டியைச் சுவரோரம் வைத்துப் பழகுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், குண்டு போட்டு மூடிய நேரத்தில் அவளுக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே உள்ளே வந்தவள் துப்பாக்கியைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டு, பீரோ கண்ணாடி முன்னால் நின்று தலை பின்னத் தொடங்கிவிட்டாள். நான் சாம்பார் பாத்திரத்தோடு வந்தேன். மேசையில் இடம் இல்லை. பாத்திரத்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் அந்தத் துப்பாக்கியை எடுத்தேன். எல்லாரும் எப்படி எடுப்பார்களோ அப்படித்தான் எடுத்தேன். விரல் தானாக உள்ளே போய்விட்டது. அழுத்தினேன் என்றுகூடச் சொல்ல முடியாது. பட்டது, அவ்வளவுதான்.

டப்பென்று ஒரு சத்தம். கீழே விழுந்த ரிப்பனை எடுக்க அந்த நொடியில் கயல் குனிந்திருந்தாள். கண்ணாடிக்குப் பக்கத்தில் பீரோ தகட்டில் குழி விழுந்திருந்தது. அவள் நிமிர்ந்து நின்றபோது அந்தக் குழி அவள் கண்ணுக்கு நேராக இருந்தது.

இதை எழுதும்போதும் என் ஆள்காட்டி விரலை மடக்கி வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அவள் அழவில்லை. ஓடி வந்து முதலில் துப்பாக்கியை என் கையிலிருந்து வாங்கினாள். சாம்பார் தரையெல்லாம் கொட்டிக் கிடந்தது. அன்று மாலை அவள் அப்பா போன் செய்தபோது, நான் வாய் திறப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள்: "கை தவறி வெடிச்சிடுச்சிப்பா. என் கைதான்."

நான் மறுக்கவில்லை.

டிரிக்கர் மிகவும் லேசாக இருக்கிறது, அப்படியே கொண்டுபோனால் போட்டியிலும் விடமாட்டார்கள் என்று அவளுடைய கோச் சொன்னார். டிரிக்கரில் அரைக்கிலோ எடையை மாட்டித் தூக்கினாலும் விசை விழாமல் நிற்க வேண்டும் என்பது விதியாம். "வில்லியனூர்ல மிஷின் பாய் ஒருத்தர் இருக்காரு. எங்க துப்பாக்கியெல்லாம் அவருதான் பாப்பாரு. ஆனா பொறுமையா இருங்க, அவரு கொஞ்சம் ஒரு மாதிரி" என்றார். கடை வாசலில் வண்டியை நிறுத்தியதும் ஆளை அடையாளம் தெரிந்துவிட்டது. அவருக்கு என்னைத் தெரிந்ததா என்று கேட்டுக்கொள்ளவில்லை.

கடை என்பது ஒரு நீள அறை. இரு பக்கமும் தலை கழற்றிய மிஷின்கள். நடுவில் ஒரு மேசை, மேலே ஒரு விளக்கு. பின்கதவு திறந்தால் வீடு. கயல் பெட்டியை நீட்டினாள்.

"காலிதான் அங்கிள்."

அவர் குழலைப் பஞ்சு மூட்டை இருந்த சுவர் பக்கம் திருப்பி, திறந்து, உள்ளே பார்த்தார். பிறகு அவளிடம் நீட்டினார். "நீ பாரு." அவள் பார்த்தாள். பிறகு என்னிடம். "நீங்களும் பாருங்கம்மா."

"நான் எதுக்குங்க?"

"இதே ரூம்லதான நிக்கிறீங்க."

நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவர் சிறிது நேரம் நீட்டியபடியே இருந்தார். பிறகு தானே இன்னொரு முறை பார்த்துவிட்டு மேசையில் வைத்தார்.

"யார் கையில வெடிச்சிது?"

"என் கையில அங்கிள்" என்றாள் கயல்.

"ம்" என்றார்.

அவர் மனைவி டீ கொண்டுவந்தார். குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பத் துப்பாக்கியை எடுத்த பாய், மறுபடியும் சுவர்ப் பக்கம் திருப்பி, திறந்து, பார்த்தார். கயலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இப்பதானே பாத்தீங்க?"

"இப்ப கை மாறிச்சில்ல."

"யார் கைக்கு? மேசையிலதான இருந்துச்சி."

"டீ டம்ளர் என் கையில இருந்துச்சில்ல. அப்ப அது என் கையில இல்ல. கை மாறிச்சின்னா புது சாமான், பாப்பா."

"இவரு கதைய கேக்காத" என்றார் அந்தம்மா கதவுக்குப் பக்கத்தில் நின்றபடி. "நிக்கா முடிஞ்சி, சாப்ட்டு, கை கழுவிகினு வந்து என் முகத்த இன்னொரு தபா பாத்தாரு. அதே பொண்ணுதானான்னு."

"பாத்துகினதாலதான் இத்தினி வருஷம் தப்பு நடக்கல" என்றார் இவர், தலை நிமிராமல்.

அன்றைக்கு அவர் வேலை செய்ததைப் பார்த்தபோதுதான் என் கோபம் குறையத் தொடங்கியது. சின்ன ஆலன் கீ ஒன்றை ஸ்க்ரூவில் பொருத்தி, கால் சுற்று திருப்புவார். கயலிடம் கொடுப்பார். "கண்ண மூடிகினு இழு. எங்க நிக்குதுன்னு சொல்லு." அவள் வெற்றுத் துப்பாக்கியைச் சுவரை நோக்கிப் பிடித்து இழுப்பாள். திரும்ப வாங்குவார், திறந்து பார்ப்பார், இன்னொரு கால் சுற்று. ஒவ்வொரு முறையும் திறந்து பார்த்தார். எத்தனை முறை என்று எண்ணிக்கொண்டிருந்தவள் பாதியில் விட்டுவிட்டேன்.

எனக்கும் விளக்கினார். "டிரிக்கர் முதல்ல கொஞ்சம் சும்மா வரும்மா. அப்பறம் ஒரு சுவத்துல முட்ற மாதிரி நிக்கணும். அந்த சுவத்த தாண்டனும்னு நீங்க நெனச்சாதான் வெடிக்கணும். இத வித்த பையன் சுவத்த இடிச்சி வெச்சிகிறான். தெருக்கதவு தெறந்து கெடக்குது."

சுவரை எழுப்பி முடித்ததும், மேசை ஓரத்தில் காகிதங்கள் பறக்காமல் இருக்க வைத்திருந்த அரைக்கிலோ எடைக்கல்லை எடுத்தார். அறுகோண இரும்புக் கல். அவர் அத்தாவின், அதாவது அப்பாவின், மளிகைக் கடையில் இருந்தது, எலெக்ட்ரானிக் தராசு வந்த பிறகு இங்கே வந்துவிட்டது என்றார். தையல் நூலை நாலு இழையாக முறுக்கி அதில் கட்டி, நூலின் வளையத்தை டிரிக்கரில் மாட்டி, குழல் மேலே பார்க்கும்படி துப்பாக்கியை மெதுவாகத் தூக்கினார். கல் தரையை விட்டு எழுந்து ஆடாமல் நின்றது. விசை விழவில்லை.

"இதுக்கு மேல ஏத்தட்டா, இது போதுமா?"

"எவ்ளோ லேசா வெக்க முடியுமோ அவ்ளோ லேசா வெச்சி குடுங்க அங்கிள். அரைக்கிலோவ தாண்டினா போதும்" என்றாள் கயல்.

கொஞ்சம் தளர்த்தினார். கல்லைத் தூக்கியதும் டிக்கென்று விழுந்தது. மயிரிழை அளவு திரும்ப இறுக்கினார். நின்றது. மூன்று முறை தூக்கினார், மூன்று முறையும் நின்றது. பிறகு மனைவியைக் கூப்பிட்டுத் தன் மகளுடைய நகப்பூச்சைக் கேட்டார். சிவப்பு நிறம். ஊசி முனையால் தொட்டு, ஸ்க்ரூவின் தலையிலிருந்து பக்கத்துத் தகடு வரை ஒரு மெல்லிய கோடு போட்டார்.

"யாராவது தொட்டா கோடு ஒடஞ்சிடும். கோடு நேரா இருக்குற வரைக்கும் இது நான் வெச்சது."

போட்டிக்கு முந்தைய நாள் நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். இந்தச் சித்திரத்தில் என்னைப் பற்றி அதிகம் வரக் கூடாது என்றுதான் தொடங்கினேன். ஆனால் அதைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது.

கயல் பள்ளிக்குப் போன பிறகு, கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை எடுத்து, வண்டியின் முன்பக்கம் வைத்துக்கொண்டு வில்லியனூர் போனேன். வழியெல்லாம் கரும்பு லாரிகள். ஒவ்வொரு பள்ளத்திலும் பெட்டியைக் காலால் அணைத்துக்கொண்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நான் சரியாகத் தூங்கியிருக்கவில்லை. அவள் பீரோ முன்னால் நிற்கும்போதெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லிக் கூப்பிட்டுவிடுவேன்.

"பாப்பா வரல?" என்றார்.

"ஸ்கூலுக்குப் போயிருக்கா. பாய், ஒரு உதவி வேணும். இந்த டிரிக்கர கனமா வெச்சி குடுங்க."

"எவ்ளோ கனம்?"

"அவளால சரியா சுட முடியாத அளவுக்கு."

அவர் கையில் இருந்த மிஷின் பாபினைக் கீழே வைத்தார்.

"நான் வேணாம்னா கேக்க மாட்டா பாய். நாலு போட்டியில தோத்துட்டா அவளே விட்டுடுவா. உங்களுக்கு ஒரு ஸ்க்ரூ, அவ்ளோதானே?"

"பாப்பாவ கூட்டிகினு வாங்க. அது எதிர்ல எவ்ளோ கனமா வேணும்னாலும் வெக்கறேன்."

"அவ எதிர்ல வெச்சா எப்படிங்க?"

"அப்படின்னா முடியாதும்மா."

அப்போதுதான் அவரிடம் சொன்னேன். அன்றைக்கு வெடித்தது என் கையில், அவள் எனக்காகப் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டாள், அவள் அப்பாவுக்குக்கூட இன்றுவரை தெரியாது என்று எல்லாம் சொன்னேன்.

"தெரியும்" என்றார். "பெட்டிய தொறந்தப்ப பாப்பா கைய நீட்டிச்சி. நீங்கதான் கைய பின்னால கட்டிகினீங்க."

எனக்கு அழுகையோடு கோபமும் வந்தது. "உங்க பொண்ணா இருந்தா இப்படி நியாயம் பேசுவீங்களா?"

"என் பொண்ணு யூனிட்ல தைக்கிறா. ஒரு தபா ஊசி வெரல்ல ஏறி நகத்த பொளந்துடுச்சி. ராத்திரியெல்லாம் அவ அம்மா அழுவுது, மிஷின ஸ்லோ பண்ணி வுடுங்கன்னு. என் கையிலதான் மிஷின். பண்ணியிருக்கலாம்."

"பண்ணலியா?"

"பண்ணேன். அவள பக்கத்துல ஒக்கார வெச்சிகினு பண்ணேன். ரெண்டு நாள் ஓட்டிப் பாத்துட்டு, 'ஏத்தி வுடு, அத்தா'ன்னா. அவ எதிர்லயே ஏத்தி வுட்டேன்." பெட்டியை என் பக்கம் மெல்லத் தள்ளினார். திறக்கவே இல்லை. "அன்னிக்கி லேசா இருந்ததால வெடிக்கலம்மா. அது லேசுன்னு உங்களுக்குத் தெரியாது. தெரியாததாலதான் வெடிச்சிது. நாளைக்கி பாப்பாவுக்கும் தெரியாம போவணுமா?"

பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். சொல்லிக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து கட்டிலுக்கு அடியில் இருந்த இடத்திலேயே வைத்தேன்.

மறுநாள் போட்டி. துப்பாக்கிகளைச் சோதிக்கிற மேசையில் ஓர் அதிகாரி உட்கார்ந்திருந்தார். ஒவ்வொன்றாக வாங்கி, அவரிடம் இருந்த அரைக்கிலோ எடையை டிரிக்கரில் மாட்டித் தூக்கி, நின்றால் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தார். கயலுடையதைத் தூக்கினார். டிக். இன்னொரு முறை. டிக். மூன்றாவது முறையும் விழுந்தது.

"எடை பத்தலம்மா. ரெண்டு மணிக்குள்ள சரி பண்ணி எடுத்துகிட்டு வா. இல்லேன்னா இன்னிக்கி சுட முடியாது."

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அதை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆனால் கயல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை மரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"அம்மா, நேத்து பெட்டிய நீ எடுத்தியா?"

நான் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டேன்.

"பெட்டி கைப்பிடி எப்பவும் என் பக்கம் இருக்கும். நேத்து சாயந்திரம் சுவத்து பக்கம் இருந்துச்சி. எங்க எடுத்துகினு போன?"

"பாய் கடைக்கு."

"இன்னா செஞ்ச?"

"ஒண்ணும் செய்யலடி."

"ஒண்ணும் செய்யாததுக்கு எனக்குத் தெரியாம ஏன் எடுத்துகினு போன?"

எனக்காகப் பழி ஏற்றவள் முகம் அது. அதில் அப்போது இருந்த சந்தேகத்தை இதற்குமுன் நான் பார்த்ததில்லை. ஒண்ணும் செய்யவில்லை என்பது உண்மைதான். ஆனால் செய்யச் சொல்லிக் கேட்டவள் நான். அந்த உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பாய்க்குப் போன் போட்டேன். எடை பத்தவில்லை என்கிறார்கள் என்றதும், "நான் வரேன். ஸ்க்ரூவ யாரும் தொட வேணாம்" என்றார். பக்கத்தில் இருந்த இன்னொரு பெண்ணின் அப்பா, தன்னிடம் ஆலன் கீ இருக்கிறது, ஒரு நிமிட வேலை என்றார். கயல் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டாள். யாரிடமும் கொடுக்கவில்லை. குறிப்பாக என்னிடம்.

முக்கால் மணி நேரத்தில் வந்து சேர்ந்தார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. கையில் கைக்குட்டையில் சுற்றிய ஏதோ ஒன்று. அதிகாரியிடம் அனுமதி கேட்டு, துப்பாக்கியை வாங்கி, ஆளில்லாத பக்கம் திருப்பி, திறந்து பார்த்தார். பிறகு மிஷின் வேலைக்குப் பயன்படுத்தும் பூதக்கண்ணாடியை எடுத்து ஸ்க்ரூவை உற்றுப் பார்த்தார்.

"கோடு ஒடயல. நான் வெச்சது வெச்ச மாதிரியே இருக்குது."

கைக்குட்டையைப் பிரித்தார். அந்த அரைக்கிலோ கல். "சார், இத உங்க தராசுல ஒரு தபா வெச்சி பாக்கலாமா?"

அதிகாரி தன் மின்னணுத் தராசில் வைத்தார். நானூற்று எண்பத்தெட்டு கிராம்.

பாய் கல்லை எடுத்துக் கவிழ்த்தார். அடியில், எடையைச் சரிக்கட்ட ஈயம் ஊற்றி முத்திரை குத்தியிருக்கும் குழி, வெறும் துருப்பிடித்த குழியாக இருந்தது. ஈயம் எப்போதோ கழன்று விழுந்துவிட்டது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நாலு பேர் கூடிவிட்டார்கள். அவர் காது சிவந்துவிட்டது.

"பன்னெண்டு கிராம்தானே பாய், வுடுங்க. சரி பண்ணிடலாம்" என்றார் அதிகாரி.

"அரைக்கிலோன்னு சொன்னேன் சார் நான்" என்றார். பிறகு கயலிடம் திரும்பினார். "தப்பு என்னுது பாப்பா. எல்லாத்தையும் பாப்பேன், இதப் பாக்கல. இது எங்கியும் போவல, யார் கைக்கும் மாறல, என் கண்ணு முன்னாலயே கெடந்துச்சி. அதனால வுட்டுட்டேன்."

"அம்மா நேத்து உங்க கடைக்கு வந்தாங்களா?"

"வந்தாங்க."

"எதுக்கு?"

பொய் சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தேனா, உண்மையைச் சொல்லிவிடுவார் என்று பயந்தேனா, இப்போது நினைத்தாலும் தெரியவில்லை. அவர் இரண்டையும் செய்யவில்லை.

"பெட்டிய நான் தொறக்கல. அவங்களும் தொறக்கல. அதுக்கு நான் சாட்சி" என்றார். "எதுக்கு வந்தாங்கன்றது அவங்க கிட்ட இருக்குது. அவங்கள கேளு. நான் எடுத்து குடுக்க முடியாது."

அதிகாரியின் எடையைக் கடன் வாங்கி, அங்கேயே மரத்தடியில் துப்பாக்கியைப் பெஞ்சின் மேல் வைத்து ஸ்க்ரூவைத் திருப்பினார். அந்த எடை நின்றது; அதிகாரியும் தூக்கிப் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டினார். திருப்பியதில் உடைந்த பழைய கோட்டைப் பாய் சுரண்டி எடுத்துவிட்டு, புதிதாக ஒரு கோடு போட்டார். நகப்பூச்சையும் மறக்காமல் கொண்டுவந்திருந்தார்.

"இப்ப முன்ன விட கொஞ்சம் கனம். இதான் நெஜமான அரைக்கிலோ. நீ இத்தினி நாளு பழகினது வேற. பத்து தபா இழுத்துப் பாத்துட்டு உள்ள போ. தெரிஞ்சிகினு போ."

அன்றைக்கு அவள் பெரிதாக எதுவும் எடுக்கவில்லை. முதல் பத்துக்குள்ளும் வரவில்லை. ஆனால் சுட்டாள். அவள் சுட்டு முடிக்கும்வரை பாய் வெளியே வண்டிமேல் உட்கார்ந்திருந்தார். மடியில் அந்தக் கல். உள்ளே வந்து பாருங்கள் என்று கூப்பிட்டதற்கு, "வேணாம்மா, கை நடுங்கும் அதுக்கு" என்றார். உண்மையில் நடுங்கியது அவர் கை. நான் பார்த்தேன்.

பின்னால் ஒருநாள் கடைக்குப் போனபோது அந்தக் கல் மேசையிலேயே இருந்தது. மேல்பக்கம் சிவப்பு நகப்பூச்சில் கொட்டையாக 488 என்று எழுதியிருந்தது. எறிந்துவிடலாமே என்றேன்.

"எறிஞ்சா யாராவது எடுத்துகினு போயி அரைக்கிலோன்னு நம்புவாங்க."

"ஊரையே தொறந்து பாத்தாரு. அவங்க அத்தா கல்ல மட்டும் கவுத்துப் பாக்கல" என்றார் அவர் மனைவி. அன்றைக்கு மட்டும் அவர் தலை நிமிர்ந்து சிரித்தார்.

அடுத்த வருடம் அவருக்குத் திருப்பூரில் பெரிய கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போய்விட்டார். பழைய நம்பரை அடித்தால் வேறு யாரோ எடுக்கிறார்கள். எத்தனையோ பேருக்கு நான் சான்றிதழ் கொடுக்கிறேன். இப்போது நீட்டும்போதே சொல்லிவிடுகிறேன், இங்கேயே நின்று படித்துவிட்டுப் போங்கள் என்று. வரிசை முனகும். முனகட்டும்.

போட்டியிலிருந்து வீடு திரும்பிய மாலையைச் சொல்லி முடிக்கிறேன். வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்த கயல் வழியெல்லாம் என் தோளைப் பிடித்துக்கொள்ளவே இல்லை. வீட்டுக்குள் வந்ததும் பெட்டியை மேசைமேல் வைத்தாள். பீரோவில் அந்தக் குழி எங்கள் இருவருக்கும் தெரியும்படி இருந்தது.

நான் நின்றபடியே சொன்னேன். எதற்குப் போனேன், என்ன கேட்டேன், அவர் என்ன சொன்னார், எல்லாம். ஞாயிற்றுக்கிழமை வெடித்தது என் கையில் என்று அவள் அப்பாவிடம் இன்றே சொல்லிவிடுகிறேன் என்றும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். வெகுநேரம் பெட்டியின் ஓரத்தை நகத்தால் நெருடிக்கொண்டிருந்தாள். பிறகு பெட்டியைத் திறந்து, துப்பாக்கியைத் தோட்டத்துச் சுவர்ப் பக்கம் திருப்பியபடி என்னிடம் நீட்டினாள்.

"பாரு."

என் கை பின்னால் போகப் பார்த்தது. அதை முன்னால் கொண்டுவந்தேன். விரலை வெளியே நீட்டி வைத்துக்கொண்டு வாங்கி, அவள் காட்டிய இடத்தில் திறந்து, உள்ளே பார்த்தேன். காலியாக இருந்தது.

"காலிதான்" என்று திருப்பிக் கொடுத்தேன்.

அவள் வாங்கிக்கொண்டு, தானும் ஒரு முறை திறந்து பார்த்தாள்.